கால்குலேட்டர் சரியாகத்தான் சொன்னது, டைல்ஸ்தான் பத்தவில்லை

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. சிமென்ட், கம்பி, டைல்ஸ், பைப், பெயின்ட் எல்லாம் உண்டு. மாமனார் ஆரம்பித்த கடை. கல்யாணமாகி வந்த பிறகு கல்லாவும் பில்லும் மெல்ல என் பக்கம் வந்துவிட்டன. வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளைகள். இடையிடையே டிப்ளமோ, பி.காம். படித்தவர்களும் வருவார்கள். மேசைக்கு மேசை கால்குலேட்டர் இருக்கிறது, போதாததற்கு ஆளுக்கொரு போன். ஆனாலும் கணக்கு தப்பும். அது எங்கே தப்புகிறது, அதைக் கடையில் எப்படிக் குறைத்தோம் என்று எழுதி வைக்கலாம் எனத் தோன்றியது. கடைக்காரர்களுக்கு மட்டுமல்ல, வீடு கட்டுகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் உபயோகம் இருக்கலாம்.

டைல்ஸிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் பெரிய சண்டை வரும். ஒரு வாடிக்கையாளர் அறையின் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். 10 அடி 10 அங்குலம், 12 அடி 6 அங்குலம். புதிதாகச் சேர்ந்திருந்த பையன் கால்குலேட்டரில் 10.10 பெருக்கல் 12.6 என்று அடித்தான். 127.26 என்று வந்தது. இரண்டுக்கு இரண்டு டைல், பெட்டிக்கு நாலு, ஆக ஒரு பெட்டி 16 சதுர அடி என்று வகுத்தான். 7.95 வந்தது. எட்டுப் பெட்டி போதும் என்று பில் போட்டுவிட்டான்.

ஒரு பொத்தானைக்கூட அவன் தப்பாக அழுத்தவில்லை. ஆனால் ஒரு அடிக்கு 12 அங்குலம். 10 அங்குலம் என்பது 12-இல் 10, அதாவது 0.83 அடி. 6 அங்குலம் அரை அடி. எனவே அடிக்க வேண்டியது 10.83 பெருக்கல் 12.5. விடை 135 சதுர அடிக்கு மேல். அடுத்தது டைல். நாம் இரண்டுக்கு இரண்டு என்று சொல்கிற டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 609.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாலு டைல் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது பதினைந்தரை சதுர அடிதான் வரும். எட்டுப் பெட்டியைப் பிரித்துப் போட்டால் 124 சதுர அடி. வெட்டும் இடத்தில் வீணாவதைச் சேர்க்காமலே 11 சதுர அடிக்கு மேல் இடிக்கிறது. பத்து சதவீதம் வீணுக்கு வைத்துக் கணக்குப் போட்டால் 9.6 வரும், பத்துப் பெட்டி வாங்க வேண்டும்.

மறுபடி வந்து இரண்டு பெட்டி வாங்கிப் போகட்டுமே என்று நினைக்கலாம். டைல்ஸில் அது நடக்காது. லாட் மாறினால் ஷேடு மாறும். முதல் எட்டுப் பெட்டியோடு புதுப் பெட்டியை வைத்தால் நடுக் கூடத்தில் பட்டை தெரியும். அந்த வீட்டுக்காரர் கடை வாசலில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இந்த அடி, அங்குலக் குழப்பத்தை உடைக்க நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். "6 அடி 9 அங்குலம் பெரிசா, 6 அடி 10 அங்குலம் பெரிசா?" என்று கேட்பேன். "பத்துதான்கா பெரிசு" என்பார்கள். இரண்டையும் அவர்கள் வழியிலேயே கால்குலேட்டரில் அடித்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொல்வேன். 6.10 கழித்தல் 6.9 என்று அடித்தால் மைனஸில் வரும். முகம் மாறும். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது பத்துப் பத்தாகப் போகும், அங்குலம் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போகும் என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடும். கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். 3 அங்குலம் 0.25, 4 அங்குலம் 0.33, 6 அங்குலம் 0.5, 9 அங்குலம் 0.75 என்று பதினொன்று வரைக்கும். நூலுக்கும் கீழே ஒரு வரிசை உண்டு. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், ஆக 3 அங்குலம் 2 நூல் என்றால் 3.25. கண்ணாடி வெட்டுகிறவர்கள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பில் போடுகிற பிள்ளைகள்தான் 3.2 என்று அடிப்பார்கள்.

எடையிலும் இதே வியாதி உண்டு. ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் கிலோ கணக்கில் போகும். தராசின் திரையைப் பார்த்து அடித்தால் தப்பு வராது, அது 2.075 என்று தெளிவாகக் காட்டும். குடோனிலிருந்து ஒருவர் "ரெண்டு கிலோ எழுபத்தஞ்சு" என்று கத்த, கல்லாவில் இருப்பவர் 2.75 என்று அடிப்பார். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பணம் வாடிக்கையாளர் தலையில் ஏறும். அதனால் எடையை வாயால் சொல்லக் கூடாது, சீட்டில் கிராமுக்கு மூன்று இலக்கம் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று ஆக்கினோம். 75 கிராம் என்றால் 075. அந்த முன்பூஜ்யம் எதற்கு என்று ஆரம்பத்தில் கேட்டார்கள், இப்போது யாரும் கேட்பதில்லை.

கம்பிக் கணக்கு வேறு மாதிரி. 12 எம்எம் கம்பி, நாம் 40 அடி என்று சொல்கிற 12 மீட்டர் நீளம், ஒன்று சுமார் 10.67 கிலோ. 25 கம்பிக்கு எடை கேட்டிருந்தார்கள். பையன் புள்ளியை விட்டுவிட்டு 1067 பெருக்கல் 25 என்று அடித்து, "26,675 கிலோக்கா" என்று சீட்டை நீட்டினான். வண்டி என்ன என்று கேட்டேன். "குட்டியானைக்கா." முக்கால் டன் ஏற்றுகிற வண்டியில் 26 டன் கம்பி ஏற்றப் போகிறோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. பள்ளியில் கணக்கு பலவீனமாக இருந்த பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் இது. கூட்டல் பெருக்கல் வராதது பெரிய குறையில்லை, அதற்குத்தான் மெஷின் இருக்கிறதே. வந்த விடையை ஏற இறங்கப் பார்த்து "இது நடக்கிற காரியமா?" என்று கேட்கிற பழக்கம்தான் இல்லை. திரையில் வந்துவிட்டால் அது தீர்ப்பு.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்பச் சாதாரணம். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் குத்துமதிப்பாக ஒரு விடையை வாயால் சொல்லியாக வேண்டும். 25 கம்பி, கம்பிக்குப் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அப்படியென்றால் 250-க்கு மேல் 300-க்குள். அப்புறம் அடி. 266.75 வந்தால் சரி. வேறு எது வந்தாலும் மறுபடி அடி. முதல் வாரம் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று. குத்துமதிப்பு தப்பினால் யாரும் சிரிக்கக் கூடாது என்பது கடையில் சட்டம். மாமனாருக்கும் சேர்த்துத்தான்.

குத்துமதிப்புச் சொல்ல மனதில் சில எண்கள் ஊன்றியிருக்க வேண்டும். 8 எம்எம் கம்பி ஒன்று 4.74 கிலோ, 10 எம்எம் 7.4, 12 எம்எம் 10.67, 16 எம்எம் கிட்டத்தட்ட 19. மறந்துபோனால் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். இந்த 162 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ, அதை வட்டத்தின் பரப்போடு சேர்த்துப் போட்டால் அந்த எண் விழும். மணல் ஒரு யூனிட் 100 கன அடி. சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இவ்வளவு போதும். பதினாறாம் வாய்ப்பாடெல்லாம் மனப்பாடமாக வேண்டும் என்று நான் யாரையும் படுத்துவதில்லை.

எங்களுக்கு வாடிக்கையான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவர் பள்ளிக்கூடம் போனது ரொம்பக் கொஞ்சம். அந்த டைல்ஸ் தகராறு நடந்தபோது அவர் பக்கத்தில் நின்றிருந்தார். சீட்டை வாங்கிக்கூடப் பார்க்காமல், "பதினொண்ணுக்குப் பன்னெண்டரைன்னு வச்சுக்க தம்பி. பதினோரு பன்னெண்டு நூத்தி முப்பத்திரெண்டு, அரைக்கு ஒரு அஞ்சரை. நூத்தி முப்பத்தேழுக்குள்ள நிக்கும். எட்டுப் பொட்டி எப்பிடிப் பத்தும்?" என்றார். முக்கால், கால், அரைக்கால் எல்லாம் அவருக்கு நாக்கில் இருக்கிறது. ஆனால் அவரே ஜி.எஸ்.டி. பில்லைக் கண்டால் "நீயே பாரு தாயி" என்று தள்ளிவிடுவார். பார்த்துப் பழகிய பொருளில் யாரும் முட்டாள் இல்லை, பழகாத இடத்தில் யாரும் தடுமாறத்தான் செய்வார்கள்.

கால்குலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில் அதற்கு அனுமதி கிடையாது. ஆகவே பள்ளியில் அது தடை செய்யப்பட்ட சாமான், வேலைக்கு வந்த மறுநாளே அது மட்டும்தான் துணை. நடுவில் ஒரு பாடமும் இல்லை.

இதைச் செய்து பாருங்கள். 45 ரூபாய் சாமான் 12, 60 ரூபாய் சாமான் 8. கையில் இருக்கிற போனில் 12 × 45 + 8 × 60 என்று அடித்தால் 1,020 வரும், அதுதான் சரி. அதையே சாதாரண மேசைக் கால்குலேட்டரில் அதே வரிசையில் அடித்தால் 32,880 காட்டும். போன் பெருக்கலை முதலில் முடித்துக்கொண்டு கூட்டும். மேசை மெஷின் வந்த வரிசையில் செய்துகொண்டே போகும். 540-உடன் 8-ஐக் கூட்டி, வந்ததை 60-ஆல் பெருக்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி எது சரி என்று கேட்டேன். ஒரு பெண் மேசை மெஷினைக் காட்டி, "இதுதான்கா, கடைக்குன்னே செஞ்சது" என்றாள்.

மேசை மெஷினில் ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு எம் பிளஸ் அழுத்தி, கடைசியில் எம்ஆர் அழுத்த வேண்டும். 12 × 45 எம் பிளஸ், 8 × 60 எம் பிளஸ், எம்ஆர். 1,020 வந்துவிடும். அடுத்த ஆளுக்குக் கணக்குப் போடுவதற்கு முன் எம்சி அழுத்தி நினைவைக் காலி செய்ய மறக்கக் கூடாது. திரையின் ஓரத்தில் சின்னதாக 'எம்' எழுத்து நின்றால் முந்தைய வாடிக்கையாளரின் பணம் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நெரிசலான நேரத்தில் ஒருத்தர் பில் இன்னொருத்தர் தலையில் ஏறுவது இப்படித்தான்.

இன்னொன்று, மேலே இருக்கும் தள்ளு சுவிட்ச். எஃப், 4, 2, 0, ஏ என்று போட்டிருக்கும். துடைக்கும்போது கைபட்டு அது 'ஏ' பக்கம் போய்விட்டால், கூட்டும்போது மெஷின் தானாகவே கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன் புள்ளி வைத்துக்கொள்ளும். 450-உம் 320-உம் கூட்டினால் 7.70 என்று வரும். 'ஏ' என்பது பைசாவோடு கணக்கு எழுதுகிறவர்களுக்கு வைத்த வசதி. கடையில் "மெஷின் கெட்டுப்போச்சு" என்று ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள்! சுவிட்சை 'எஃப்'-க்குத் தள்ளியதும் அது நன்றாகவே வேலை செய்தது.

சதவீதத்துக்கு வருவோம். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் போனைக் காட்டினார்கள். "350 ரூபா மூட்டை, பத்து பர்சென்ட் குறைச்சிருக்கான், 35 ரூபா குறையணும்ல? நீங்க 27 ரூபாதானே குறைக்கிறீங்க?" அவர்கள் போனில் 350-இன் 10 சதவீதம் 35 என்று அழகாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பத்து, வரி சேர்க்காத விலைக்கு மேல் உள்ள பத்து. 350-ஐ 1.28-ஆல் வகுத்தால் வரியில்லாத விலை 273 ரூபாய் 44 பைசா. அதை 1.18-ஆல் பெருக்கினால் 322 ரூபாய் 66 பைசா. குறைந்தது 27 ரூபாய் 34 பைசா. சீட்டில் போட்டுக் காட்டினால் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வாத்தியார் கடைசி வரைக்கும் ஏற்கவில்லை. கணக்கு வாத்தியார் இல்லை, நல்லவேளை.

வரியோடு உள்ள விலையிலிருந்து வரியைப் பிரிக்கும்போதும் இதே சறுக்கல். 1,180 ரூபாய்க் குழாயில் 18 சதவீதம் கழித்தால் 967 ரூபாய் 60 பைசா வரும். சரியான விலை 1,000. சேர்க்கும்போது பெருக்கியதைப் பிரிக்கும்போது வகுக்க வேண்டும், கழிக்கக் கூடாது. கம்பெனிக்காரர்கள் தருகிற "40 பிளஸ் 10" தள்ளுபடியும் 50 சதவீதம் ஆகாது. 100 முதலில் 60 ஆகும், அந்த 60-இல் பத்து சதவீதம் போனால் 54. தள்ளுபடி 46 சதவீதம்தான். அப்புறம், சதவீதப் பொத்தான் மெஷினுக்கு மெஷின் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1000 + 18 % அடித்தால் ஒன்றில் 1,180 வரும், இன்னொன்றில் சம்பந்தமில்லாத ஏதோ எண் வரும். அதனால் எங்கள் கடையில் அந்தப் பொத்தானையே யாரும் தொடுவதில்லை. 18 சதவீதம் சேர்க்க 1.18-ஆல் பெருக்கு, பிரிக்க 1.18-ஆல் வகு, பத்து சதவீதம் தள்ளுபடிக்கு 0.9-ஆல் பெருக்கு. எந்த மெஷினாக இருந்தாலும் இது ஒரே விடைதான் தரும்.

"அந்தக் காலத்துல வாய்ப்பாடு தலைகீழாச் சொல்லுவோம், இந்தப் புள்ளைங்களுக்கு மூளையே மெஷின்ல போச்சு" என்று மாமனார் வயதுக்காரர்கள் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் ஊரில் நாலு பேருக்குக் கணக்குத் தெரியும், மற்றவர்கள் அந்த நாலு பேர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை போட்ட கணக்கைச் சரிபார்க்க ஆள் இல்லாததால் தப்பு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகளின் நிலையும் மெஷினால் வந்ததில்லை. எட்டாவது வரை எல்லோரும் பாஸ். பத்தாவதில் வடிவியலுக்கு எட்டு மதிப்பெண், வரைபடத்துக்கு எட்டு மதிப்பெண் என்று பயிற்சி கொடுத்து முப்பத்தைந்தைத் தொட வைத்துவிடுகிறார்கள். சதவீதமும் பின்னமும் ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே புரியாமல் நின்றுபோயிருக்கும், திரும்பிப் பார்க்க நேரமில்லை. பள்ளிப் பிள்ளைகளின் படிப்பையும் கணக்கையும் சோதிக்கிற அசர் (ASER) ஆய்வை 2024-இல் எடுத்தபோது, நாடு முழுக்கக் கிராமத்துப் பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்பில் சாதாரண வகுத்தல் கணக்கைப் போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் சின்ன வகுப்புகளில் இதைச் சரிசெய்யத்தான். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அதற்கு முன்பே பள்ளியைத் தாண்டி வந்தவர்கள்.

கணக்கு வராது என்பதை வெளியே சொல்ல எல்லோருக்கும் வெட்கம். குடோனில் ஐம்பது வயது தாண்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியும், வகுத்தல் மட்டும் வராது. பெட்டிக் கணக்கு வந்தால் "கண்ணாடி கொண்டாரல" என்று நழுவிவிடுவார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் முன்னால் அவரிடம் நான் எதுவும் கேட்பதில்லை. மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில், "அண்ணே, இதை நான் அடிக்கிறேன், சரியா வருதான்னு சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பேன். விடை 9.2 வந்தால் "பத்துப் பெட்டி வேணும்மா" என்று அவர் சொல்வார். பன்னிரண்டாவது படித்த பையன்தான், புள்ளி ஐந்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடச் சொல்லித் தந்தார்கள் என்று ஒன்பது போடுவான்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது கடைக் கணக்கு இல்லை, பிள்ளைகளின் சொந்தக் கணக்கு. பில் போடுகிற பையன் பைக் வாங்கப் போனான். ஒரு லட்சம் கடன், இரண்டு வருடம், "12 பர்சென்ட்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் போனில் அடித்துப் பார்த்தான். வருடம் 12,000, இரண்டு வருடத்துக்கு 24,000, மொத்தம் 1,24,000, அதை 24-ஆல் வகுத்தால் மாதம் 5,167. அவர்கள் சொன்ன தவணையும் அதேதான். "செக் பண்ணிட்டேன்கா, கரெக்டா இருக்கு" என்றான். ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு வருடத்தைச் சராசரியாகப் பார்த்தால் அவன் கையில் இருக்கப்போகிற கடன் பாதி லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு வருடத்துக்கு 12,000 வட்டி என்றால் உண்மையில் 21, 22 சதவீதம். சதவீதமாகச் சொன்னபோது அவன் தலையாட்டினான், ஏறியதாகத் தெரியவில்லை. "ஊர்ல நூத்துக்கு ஒண்ணே முக்கால் ரூபா வட்டிக்கு வாங்குற மாதிரிடா" என்றேன். "அய்யோ, அவ்வளவா?" என்று நிமிர்ந்தான். அம்மாவின் தோட்டை அடகு வைத்த வட்டியெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். வண்டியை வாங்கத்தான் செய்தான். முன்பணத்தைக் கூட்டிப் போட்டு, கடனை ஒரு வருடத்துக்குக் குறைத்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் வேலை கேட்டு யாராவது வந்தால் மார்க் ஷீட்டை அப்புறம்தான் பார்க்கிறேன். கால்குலேட்டரைக் கையில் கொடுத்து மூன்று கேள்வி கேட்பேன். 5 அடி 11 அங்குலத்தை எப்படி அடிப்பாய்? 1,180 ரூபாயில் 18 சதவீத வரி எவ்வளவு? பதினொரு சதுர அடி குறைந்தால் எத்தனை பெட்டி டைல்ஸ் கூடுதலாக வேண்டும்? முதல் இரண்டும் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவற்றை ஒரு வாரத்தில் சொல்லித் தந்துவிடலாம். மூன்றாவதற்கு "பெட்டிக்கு எத்தனை சதுர அடிக்கா?" என்று திருப்பிக் கேட்கிற பிள்ளையை மறுநாளே வரச் சொல்லிவிடுவேன். சம்பளப் பேச்சு மாமனார் பாடு.